ஐந்தாவது அழகிக்கும் ரவிக்கை

அத்தியாயம் 2

டிரங்குப் பெட்டியின் மூடியில் ‘பழைய வினாத்தாள்கள், பத்தாம் வகுப்பு’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. உள்ளே அறுபது அழகிகள் படுத்திருந்தார்கள்.

துப்பறியும் வெள்ளைத்துரை முழங்காலிட்டு அவர்களைப் பார்த்தார். பார்த்தார் என்றால் பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேசவில்லை. மதுரையில் துப்பறியும் தொழில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். டீக்கடையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே பாதிச் சேதி தானாக வந்து சேரும். பதினெட்டு வருடம் அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து மௌனம் அவருக்குத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைப் பார்த்து, மனிதர் ஆழமாக எதையோ யோசிக்கிறார் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பல நேரம் அது வெறும் பசி என்பது உதவியாளர் தமிழ்வாணிக்கு மட்டும் தெரியும்.

“ஒருத்தியைப் பாத்தாச்சும் கண்ணைச் சிமிட்டுங்கண்ணே. அந்தப் புள்ளைகளுக்கே கூச்சமா இருக்கு” என்றாள் தமிழ்வாணி. அவள் தோளில் சித்தப்பா மகனிடம் இரவல் வாங்கிய வீடியோ கேமரா தொங்கியது. இருவரும் இந்த வீட்டுக்குள் நுழைந்தது ‘பொன்விழா வீடியோ எடுப்பவர்கள்’ என்ற பெயரில்.

அழகிகளின் சொந்தக்காரர் இன்பசேகரன் அறைவாசலில் நின்று மாடிப்படிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர். கோச்சடைத் தெருவில் அவர் வந்தால் பேரன் எடுத்துவிட்ட பழைய மாணவர்கள்கூட சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். அப்படிப்பட்டவர் திங்கட்கிழமை வெள்ளைத்துரையின் அலுவலகத்துக்குக் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். அன்று மழை இல்லை.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் மதுரையில் ‘மரகதப் பூனை’ என்று மாதம் ஒரு பாக்கெட் நாவல் வந்துகொண்டிருந்தது. உள்ளே கொலை, அட்டையில் அழகி. கையில் துப்பாக்கி, பின்னால் மழை, தோளில் சேலை மட்டும். ரவிக்கை என்ற ஒன்று உலகத்தில் தைக்கப்படவே இல்லை என்பதுபோல் நிற்பாள். அச்சகத்தை மூடியபோது அந்த அட்டைகளுக்கு வரைந்த மூல ஓவியங்களைப் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட இருந்தார்கள். இன்பசேகரன் சைக்கிள் கேரியரில் திருத்திய விடைத்தாள்களுக்கு அடியில் வைத்து அறுபதையும் வீட்டுக்குக் கடத்திவந்தார். அறுபது நாவல்களும் தனியாகத் தேடிச் சேர்த்தார். முப்பத்து நான்கு வருடமாக மாடி அறையில் வைத்திருக்கிறார். மனைவி பிலோமினாள் ஞாயிறு மதியம் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போகும் ஒரு மணி நேரம் மட்டும் எடுத்துப் பார்ப்பார்.

ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு பெட்டியைத் திறந்தால், முதலாம் நம்பர் அழகி முழங்கை வரை ரவிக்கை போட்டிருந்தாள். அடுத்த ஞாயிறு இரண்டாம் நம்பர். வாரம் ஒருத்தி. போன வாரத்தோடு ஐந்து.

“திருடிட்டுப் போயிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன்” என்றார் இன்பசேகரன் இறங்கிய குரலில். “யாரோ எனக்குப் புத்தி சொல்றாங்க. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு எங்க கல்யாணப் பொன்விழா. பங்குச் சாமியார் வர்றார், முந்நூறு பேர் வர்றாங்க. அந்தாள் அத்தனை பேர் முன்னாடி இந்தப் பெட்டியைத் திறந்துட்டா? யார்னு கண்டுபிடிங்க. ஆனா பிலோமிக்கு மட்டும் தெரியக் கூடாது. அம்பது வருஷம் அவ என்னை வேற மாதிரி மனுஷனா நினைச்சு வாழ்ந்துட்டா.”

சொல்லிவிட்டு மறுபடி மாடிப்படிக்குக் காது கொடுத்தார்.

வெள்ளைத்துரை ஐந்தாம் நம்பரைக் கையில் எடுத்தார். பக்கத்தில் அதே ஐந்தாம் நம்பர் நாவலை வைத்தார். அச்சில் வெறும் தோள். ஓவியத்தில் கத்தரிப்பூ நிற ரவிக்கை, கைக்கு மெல்லிய ஜரிகை. சேலை மடிப்பின் நிழல் ரவிக்கையின் மேல் சரியாக விழுந்திருந்தது.

“நல்ல டெய்லரு” என்றாள் தமிழ்வாணி. “நான் கொடுத்தா ஒரு வாரத்துல தர்றேன்னு சொல்லிட்டு மூணு மாசம் இழுக்குறாங்க. இங்க டான்னு வாரத்துக்கு ஒண்ணு.”

வெள்ளைத்துரையின் கண் ரவிக்கையின் தோள்பட்டையில் நின்றது. அங்கே பூச்சி அரித்த ஓட்டை ஒன்று. சேலையில் தொடங்கி ரவிக்கைக்குள் புழு ஊர்ந்தது போல வளைந்து போயிருந்தது. போன மாதம் யாராவது புதிதாக வண்ணம் தீட்டியிருந்தால் சாயம் அந்தப் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். பள்ளம் வெள்ளை வெளேரென்று அட்டை நிறத்தில் இருந்தது.

அவர் ஓவியத்தைக் கீழே வைத்துவிட்டு மீதியைப் புரட்டினார். மற்ற எல்லா ஓவியங்களின் ஓரங்களும் கூராக இருந்தன. முப்பத்தேழாம் நம்பரின் கீழ் மூலைகள் இரண்டு மட்டும் கட்டைவிரல் பட்டுப் பட்டு மழுங்கியிருந்தன. இன்பசேகரன் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சாவி?” என்றார் வெள்ளைத்துரை. அன்று அவர் பேசிய முதல் சொல்.

இன்பசேகரன் சுவரில் மாட்டியிருந்த அந்தோனியார் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதன் பின்னாலிருந்த ஆணியைக் காட்டினார். யாருக்கும் தோன்றாத இடம், காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தரும் புனிதரே காவல் என்று சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. வெள்ளைத்துரை படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வெள்ளையடித்துச் சில வாரம்தான் ஆகியிருக்கும். பீரோ மேல், ஜன்னல் கம்பி மேல், டிரங்குப் பெட்டியின் நெளிந்த மூடி இடுக்கில் எல்லாம் சுண்ணாம்புத் தூசி. அந்தோனியாரின் கண்ணாடி மட்டும் முகம் பார்க்கும்படி பளபளத்தது.

கீழிருந்து பிலோமினாள் குரல் கொடுத்தார். வீடியோக்காரத் தம்பி பத்து நிமிடமாக மேலே எதைப் படம் பிடிக்கிறார் என்று கேட்டார். அந்தோனியாரை என்று பதில் சொன்னாள் தமிழ்வாணி.

ஓவியத்தின் முதுகில் மங்கிய ரப்பர் முத்திரை இருந்தது: பீமாராவ், ஓவியர், வண்டியூர்.

மறுநாள் காலை தமிழ்வாணியின் ஸ்கூட்டர் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு வண்டியூருக்குள் போனது. வெள்ளைத்துரைக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொள்வார். பொண்ணு பார்க்கப் போகிற அத்தை மாதிரி இருக்கிறது என்று ஒவ்வொரு சிக்னலிலும் தமிழ்வாணி ஞாபகப்படுத்துவாள்.

பீமாராவுக்கு எண்பத்து நான்கு. கண்ணாடி சோடா பாட்டில் அடிபோல. ஆனால் செல்போனில் ஐந்தாம் நம்பரின் படத்தைக் காட்டியதும் கையிலிருந்து பிடுங்கி மூக்கருகே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “சட்டை திரும்பி வந்துடுச்சா?” என்றார்.

வெள்ளைத்துரை மௌனமாக இருந்தார். இது பசி மௌனம் இல்லை.

கிழவர் சொன்ன கதை நீளமானது. சுருக்கம் இது. அறுபது அட்டைக்கும் ஒரே முகம்தான், அவர் மனைவியின் முகம். வேறு பெண்ணை உட்காரவைத்து வரைய வீட்டில் அனுமதி இல்லை. அதனால் எல்லோருக்கும் கௌரவமாக ரவிக்கை போட்டுத்தான் அச்சகத்தில் கொடுத்தார். அங்கே ஒரு மேனேஜர். ரவிக்கை போட்ட அழகி வந்தால் மேலூர் ஏஜெண்ட் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார் என்பாராம். அதனால் மேனேஜர் தன் மகனுடைய பள்ளிக்கூட வாட்டர் கலர் டப்பாவை எடுத்து, ரவிக்கையின் மேல் தோல் நிறத்தைத் தடவிவிடுவார்.

“நான் போட்டது கெட்டிச் சாயம்பா, கல்லுல அடிச்சாலும் போகாது. அவன் தடவுனது புள்ளைக வெச்சு விளையாடுற கட்டி. முதல் அட்டை வந்தப்ப என் சம்சாரம் மூணு மாசம் என்கூடப் பேசலை. அப்புறம் பழகிடுச்சு. புஸ்தகம் வந்ததும் இந்த மாசம் எம்புட்டுக் கழட்டியிருக்கானுகன்னு அவளே வாங்கிப் பாப்பா.”

திரும்பும் வழியில் தெப்பக்குளத்துப் படியோரம் வண்டியை நிறுத்தச் சொன்னார் வெள்ளைத்துரை. இறங்கித் தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். தமிழ்வாணி ஒரு பொட்டலம் கடலையைத் தின்று முடித்து, காகிதத்தில் இருந்த செய்தியையும் படித்து முடித்தாள்.

“யாரும் சட்டை போட்டுவிடலை” என்றார் கடைசியில்.

“ஆமா. யாரோ குளிப்பாட்டிவிட்டிருக்காங்க” என்றாள் அவள். “தண்ணி பட்டா மேனேஜர் சாயம் போயிரும், தாத்தா சட்டை வெளிய வந்துரும். அம்புட்டுத்தானே? இதைச் சொல்ல ஒரு குளத்தை முறைக்கணுமாண்ணே?”

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு இன்பசேகரன் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கிளம்புவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சனியும் தவறியதில்லை. திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். ஞாயிறு பூசையைத் தவிர, அவர் வாராவாரம் வெளியே போவது அப்போது மட்டும்தான். ஞாயிறு பார்க்கும்போது ரவிக்கை இருக்கிறதென்றால், குளிப்பாட்டுகிற ஆள் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வரவேண்டும். வெளிப்புற மாடிப்படிக் கதவை இன்பசேகரன் சத்தமில்லாமல் திறந்துவிட்டுப் போனார். வெள்ளைத்துரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். தமிழ்வாணி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள்.

ஐந்து நாற்பதுக்கு உள்படியில் மெட்டி ஒலி கேட்டது.

பிலோமினாள் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எழுபத்திரண்டு வயதுக்கு முதுகு அளவுகோல் போல நேராக இருந்தது. ஒரு கையில் தண்ணீர்க் கிண்ணம், தோளில் கிழிந்த பனியன் துணி, மறு கையில் மூடி போட்ட தட்டு. தட்டைக் கட்டிலில் வைத்தார். அந்தோனியாரைக் கழற்றி, கண்ணாடியை நான்கு மூலையும் துடைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். அடுப்படியில் கரண்டி எடுப்பது போல அவ்வளவு சாதாரணமாக எடுத்தார்.

ஆறாம் நம்பரை மடியில் போட்டுக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்:

“டேபிள் ஃபேனைப் போட்டுக்கங்க தம்பி. பீரோவுக்குப் பின்னாடி காத்து வராது. பாப்பா, நீயும் வா. காப்பி ஆறிரும்.”

வெள்ளைத்துரை வெளியே வந்தார். பீரோவின் தூசி முழுக்க அவர் சட்டையில் இருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்க வாயெடுக்கும் முன்பே பிலோமினாள் பதில் சொல்லிவிட்டார்.

“வெளிப்படிக்குக் கீழ ரெண்டு ஜோடி செருப்பு கழட்டி வெச்சிருக்கு. அதுவும் வரிசையா.”

தமிழ்வாணி தலையில் கைவைத்துக்கொண்டாள். “வீட்டுக்குள்ள செருப்போட போகக் கூடாதுன்னு வளத்துட்டாங்கம்மா. ஒளியப் போனாலும் காலு கேக்க மாட்டேங்குது.”

காப்பி நன்றாக இருந்தது. பிலோமினாள் துடைத்துக்கொண்டே சொன்னார். வீட்டில் உள்ள படங்களையெல்லாம் சனிக்கிழமை துடைப்பது அவர் அம்மா வீட்டுப் பழக்கம். அந்தோனியார் பின்னால் சாவி தொங்கத் தொடங்கிய முதல் சனிக்கிழமையே அவர் கையில் சாவி கிடைத்துவிட்டது. பெட்டியைத் திறந்தார், பார்த்தார், அறுபதையும் எண்ணினார், மூடினார். பூச்சி வந்துவிடக் கூடாதே என்று வருடத்துக்கு இரண்டு முறை, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும், உலர்ந்த துணியால் தூசி தட்டி வைத்துவந்தார். இந்த முறை பொன்விழாவுக்கு வெள்ளையடித்ததில் நெளிந்த மூடி வழியாகச் சுண்ணாம்பு இறங்கிவிட்டது. சுண்ணாம்பு உலர்ந்த துணிக்குப் போகாது. ஈரத்துணி போட்டார்.

“தொடைக்கத் தொடைக்க மேல இருந்தது கரைஞ்சு வருது. அழுக்குன்னு நெனைச்சேன். பாத்தா உள்ள ஜாக்கெட்டு. சரி, நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். ஒண்ணைத் தொடைச்சுக் காயவெச்சு எடுக்க ஒரு மணி நேரம் ஆகுது, அதான் வாரத்துக்கு ஒண்ணு.”

“சார் பயந்துபோய் எங்ககிட்ட வந்திருக்காரு” என்றாள் தமிழ்வாணி.

“தெரியும். மழையில்லாத அன்னைக்குக் குடையோட போனாரு. அப்புறம் வீடியோ எடுக்கன்னு ஒருத்தர் வந்து, ஒரு வார்த்தை பேசாம அந்தோனியாரை முறைச்சுப் பாத்தா எனக்குத் தெரியாதா?” பிலோமினாள் துணியைப் பிழிந்தார். கிண்ணத்துத் தண்ணீர் மாம்பழ நிறத்துக்கு மாறியிருந்தது. “தம்பி, ஒண்ணு கேக்குறேன். எனக்குத் தெரியும்கறதை மட்டும் அவருகிட்ட சொல்லிராதீங்க.”

வெள்ளைத்துரை ஏன் என்று கேட்கவில்லை. காத்திருந்தார். சில கேள்விகளைக் கேட்காமல் இருந்தால் பதில் இன்னும் சரியாக வரும்.

“எங்க சாரு வேற ஒரு பாவமும் பண்ணாத மனுசன். வாராவாரம் சாமியார்கிட்ட போய்ச் சொல்றதுக்கு அவருகிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு வெச்சுக்கங்க, கூனிக் குறுகிப்போவாரு. பொன்விழாவுல என் மூஞ்சியப் பாக்க மாட்டாரு. அந்தப் பெட்டியவும் எடுத்து வெளிய போட்டுருவாரு.” துணியை மறுபடி நனைத்தார். “போடக் கூடாது. அதைப் பாத்துட்டு எறங்கி வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்கு அவரே வெங்காயம் உரிச்சுக் கொடுப்பாரு.”

வெள்ளைத்துரை காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். தொழில் தர்மம் என்று ஒன்று இருந்தது. யார் என்று கேட்டவருக்கு யார் என்று சொல்ல வேண்டும். பிலோமிக்கு மட்டும் தெரியக் கூடாது என்று அதே ஆள்தான் கெஞ்சினார். யார் என்று சொன்னால் அந்தக் கெஞ்சலுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். அவர் எழுந்து பெட்டிக்குள் கைவிட்டு, முப்பத்தேழாம் நம்பரை எடுத்துப் பிலோமினாள் முன்னால் வைத்தார். மழுங்கிய மூலைகளோடு அவள் மழையில் நின்றாள்.

பிலோமினாள் அவளைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தில் இருந்த சுண்ணாம்பை மட்டும் உலர்ந்த முந்தானையால் மெல்லத் தட்டினார்.

“இவளை நனைக்க மாட்டேன். இவ அப்பிடியே இருக்கட்டும்.”

திங்கட்கிழமை காலை, அதே மாடி அறையில் வெள்ளைத்துரை தன் அறிக்கையைச் சொன்னார். அவருடைய கணக்கில் அது நீண்ட பேச்சு, மொத்தம் ஏழு வாக்கியம். ரவிக்கைகள் பழையவை. வரைந்தவரே போட்டவை. மேலே தடவியது வெறும் வாட்டர் கலர். ஈரம் பட்டதும் அது போய்விட்டது. யாரும் புத்தி சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை. பெட்டியை மாற்றி, படங்களை பாலிதீன் உறையில் போட்டால் மீதிப் பேர் அப்படியே இருப்பார்கள்.

இன்பசேகரனின் முகம் தெளிந்தது. தெளிந்த முகத்தில் பழைய ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

“ஈரம் எப்படிங்க சொல்லிவெச்ச மாதிரி சனிக்கிழமை சனிக்கிழமை வரும்? வாரத்துக்கு ஒரு படத்துல மட்டும், வரிசையா?”

வெள்ளைத்துரைக்கு மௌனம் வந்தது. இது பசி மௌனமும் இல்லை, யோசனை மௌனமும் இல்லை. திருட்டு முழி முழிக்கிற மௌனம்.

“சனிக்கிழமைதானே சார் உங்க தெருவுக்குத் தண்ணி விடுறாங்க” என்றாள் தமிழ்வாணி, கேமரா லென்ஸைத் துடைத்தபடி. “மோட்டார் போட்டதும் மேல தொட்டி வழியும். சொட்டுச் சொட்டா மூடி இடுக்குல எறங்கும். மேல இருக்குறது நனையும். நீங்க பாத்துட்டு அதை அடியில வெக்கிறீங்க, அடுத்த வாரம் அடுத்தது மேல வருது. தண்ணி மேல குத்தம் சொல்லி என்ன பண்ண?”

இன்பசேகரன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். புதுச் சுண்ணாம்பில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட மனிதனுக்கு அது பெரிய தடையாக இருக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பி அந்தோனியாருக்கு நன்றி சொன்னார். பிறகு பாதிக் குரலில், “அப்ப பிலோமிக்கு…” என்றார்.

“நாங்க ஒண்ணும் சொல்லலை” என்றார் வெள்ளைத்துரை. அதுவும் உண்மைதான்.

வேடம் போட்ட குற்றத்துக்கு வீடியோவையும் எடுத்தாக வேண்டியிருந்தது. கீழே கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டுத் தம்பதியை உட்காரவைத்தார்கள். பிலோமினாள் பட்டுச் சேலையில் கம்பீரமாக இருந்தார். கத்தரிப்பூ நிற ரவிக்கை, கைக்கு மெல்லிய ஜரிகை. தமிழ்வாணி அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு வெள்ளைத்துரையைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். இன்பசேகரன் தன் பதற்றத்தில் எதையும் கவனிக்கவில்லை.

பொன்விழா வீடியோ என்றால் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தமிழ்வாணி கேட்டாள். அம்பது வருஷம் சந்தோஷமா இருக்கீங்களே, ரகசியம் என்னம்மா?

பிலோமினாள் கேமராவை நேராகப் பார்த்தார். கரும்பலகையில் விடையை எழுதிவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்க்கும் முகம்.

“ரகசியமா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. இந்த அம்பது வருசத்துல எங்க சாரால எங்கிட்ட ஒண்ணே ஒண்ணைக்கூட மறைக்க முடிஞ்சதில்லை.”

கேமரா ஒரு முறை ஆடி நின்றது. இன்பசேகரனின் கண் கலங்கிவிட்டது. அந்த நம்பிக்கையின் பாரம் தாங்காமல் மனைவியின் கையை இறுகப் பற்றினார். விட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து, வாசலில் செருப்பைத் தேடினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் பிலோமினாள்.

“கோயிலுக்கு. சாமியார் இருந்தா பாத்துட்டு வந்துர்றேன்.”

அன்று திங்கட்கிழமை. அவர் தெருமுனை திரும்பும் வரை பிலோமினாள் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தமிழ்வாணியிடம் சொன்னார்:

“பாப்பா, ஒரு மணி நேரம் கெடைச்சிருக்கு. அந்தக் கிண்ணத்துல தண்ணி புடிச்சுட்டு வா. ஏழாம் நம்பரு பாக்கி.”